களரும் உவரும் பெயரும்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் மருந்துக்கடையில் எடுத்துக் கொடுக்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் குப்பியைத் தமிழ்நாட்டில் பல வீடுகள் அறியும். ஐந்து மில்லி. கழுத்தைத் திருகினால் திறந்துகொள்ளும். வெளிச்சத்தில் தூக்கிக் குலுக்கினால் அரிசி களைந்த நீர் போல லேசாகக் கலங்கும். வாசனை இல்லை, சுவை என்றும் சொல்லும்படி ஒன்றும் இல்லை. அந்தக் கலங்கலில் 200 கோடி பாக்டீரிய ஸ்போர்கள், அதாவது உறங்கும் வித்துகள், மிதக்கின்றன. என்டரோஜெர்மினா என்ற அந்த மருந்தின் உறையில் ‘பேசில்லஸ் கிளாசி’ என்று அச்சிட்டிருக்கும்.

இத்தாலியில் 1950களின் இறுதியில் இந்த மருந்து வந்தபோது உள்ளே இருப்பது பேசில்லஸ் சப்டிலிஸ் என்றுதான் நம்பினார்கள். மரபணுவைப் பார்த்துச் செய்த ஆய்வுகள் அது வேறு உயிர் என்று காட்டின. 2001-ல் கிளாசி என்பது உறுதியானது. 2020-ல் அதே பாக்டீரியம் அல்கலிஹாலோபேசில்லஸ் கிளாசி ஆயிற்று. மறு ஆண்டே ஷௌச்செல்லா கிளாசி. குப்பிக்குள் இருக்கும் உயிர் அப்படியேதான் இருக்கிறது. அதன் சொந்தபந்தம் யார் என்பதைப் பற்றிய அறிவுதான் மாறிக்கொண்டே வந்தது. கடைசிப் பெயரைச் சூட்டிய ஆய்வு தொடங்கிய இடம் எந்த மருந்து ஆலையும் அல்ல. மகாராஷ்டிரத்தில், விண்கல் விழுந்த பள்ளத்தில் தேங்கிய ஓர் ஏரியின் அடிச்சேறு.

அந்த ஏரி லோனார். புல்தானா மாவட்டத்தில், தக்காணத்துக் கரும்பாறையில் சுமார் 1.8 கிலோமீட்டர் விட்டத்துக்கு விழுந்த வட்டக் குழி. விண்கல் மோதி ஏறத்தாழ 5,70,000 ஆண்டுகள் ஆகின்றன என்பது, பாறையில் உள்ள ஆர்கான் வாயுவைக் கணக்கிட்டு 2011-ல் வெளியான மதிப்பீடு. லவணாசுரன் என்ற அசுரனைத் திருமால் அழித்த இடம் என்பது ஊர்க்கதை. லவணம் என்றால் உப்பு. ஊரின் பெயரிலேயே உப்பு கரைந்திருக்கிறது.

பள்ளத்துக்குள் நீர் வர வழி உண்டு. வெளியேற வெயிலைத் தவிர வழி இல்லை. பசால்ட் பாறையை அரித்து வரும் நீரில் சோடியம், கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் கலந்திருக்கும். நீர் ஆவியாகி அடர்த்தி ஏற ஏற, கால்சியமும் மக்னீசியமும் கார்பனேட்டைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பாக அடியில் படிந்துவிடுகின்றன. மிஞ்சுவது சோடியமும் கார்பனேட்டும், கூடவே கறியுப்பும். சுருக்கமாகச் சொன்னால் சலவைச் சோடாவைக் கரைத்து வைத்த தொட்டி. அதன் பி.எச். 10-ஐ ஒட்டி நிற்கிறது. பி.எச். கணக்கில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், சாதாரணக் குடிநீரில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அங்கே இருக்கும்.

உப்பு, காரம் என்ற இந்த இரண்டு தொல்லைகளையும் பிரித்துப் பார்க்கத் தமிழ் உழவருக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயில் காலத்தில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தால் அது உவர் நிலம். நனைந்தால் வழவழத்து, நீரை உள்ளே விடாமல் தேக்கி, காய்ந்தால் கல்லாக இறுகினால் அது களர் நிலம். உவருக்கு நல்ல தண்ணீர் கட்டி வடிய விட வேண்டும். களருக்கு ஜிப்சம் போட வேண்டும். மருத்துவம் வேறு வேறு, ஏனென்றால் நோய் வேறு வேறு: ஒன்று உப்பின் மிகுதி, மற்றது காரத்தின் மிகுதி. இரண்டும் சேர்ந்தால் களர்-உவர் நிலம். நுண்ணுயிரியலார் ‘ஹாலோஅல்கலிஃபைல்’ என்று சொல்வது இந்தக் களர்-உவரில் வாழத் தெரிந்த உயிரைத்தான்.

அந்தச் சொல்லின் உறுப்புகளும் வெகுதூரம் பயணம் செய்து வந்தவை. ஹாலோ என்பது உப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அல்கலி அரபியிலிருந்து வந்தது. கடலோரச் செடிகளை எரித்து எடுத்த சாம்பலுக்கு அங்கே அந்தப் பெயர். நம் கழிமுகங்களில் வளரும் உமரிக்கு அந்தச் செடிகள் உறவு. மூன்றாவது ஓர் உறுப்பும் இந்தப் பெயர்களில் அடிக்கடி வரும்: நாட்ரோன். பழைய எகிப்தியர் உடலைப் பதப்படுத்த எடுத்த சோடா உப்பின் பெயர் அது. சோடியத்துக்கு வேதியியலில் உள்ள குறியீடும் அதே வேரிலிருந்துதான் முளைத்தது. நாட்ரோனோமோனாஸ், நாட்ரோனோபாக்டீரியம், ஹாலோமோனாஸ், அல்கலிமோனாஸ் என்று படிக்கும்போது நாக்கு சுழலலாம்; பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு முகவரி.

ஆனால் முகவரி வேறு, குலம் வேறு. இந்தத் துறையின் நூற்றாண்டுச் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

களரில் பிழைப்பது எப்படி என்று பார்த்தால் இது விளங்கும். வெளியே பி.எச். 10.5 இருக்கும்போது, நன்கு ஆராயப்பட்ட ஒரு பேசில்லஸ் தன் செல்லுக்குள்ளே 8.3 அளவில் காத்துக்கொள்கிறது. செல் உறையில் பதிந்த புரதங்கள் சோடியம் அயனியை வெளியே தள்ளி, அதற்கு மாற்றாக ஹைட்ரஜன் அயனியை உள்ளே இழுக்கின்றன. தள்ளுவதற்குச் சோடியம் வேண்டும். அதனால்தான் களர் விரும்பும் பல பாக்டீரியங்களுக்கு உப்பும் தேவைப்படுகிறது. உவரின் தொல்லை வேறு: வெளியே உப்பு மிகுந்தால் செல்லிலிருந்து நீர் உறிஞ்சப்பட்டுவிடும். சில உயிர்கள் பொட்டாசியம் உப்பைத் தாமே உள்ளே நிரப்பிச் சமன் செய்கின்றன. பல, நீரைப் பிடித்து வைக்கும் சிறு கரிம மூலக்கூறுகளைத் தயாரித்துக்கொள்கின்றன. இந்த உத்திகளைத் தொடர்பே இல்லாத குலங்கள் தனித்தனியாக எட்டியிருக்கின்றன. எனவே ஒரே ஏரியில் ஒரே உப்பைக் குடித்து வாழும் இரண்டு பாக்டீரியங்கள், வௌவாலும் பட்டாம்பூச்சியும் போல உறவில்லாதவையாக இருக்கலாம்.

களர் உயிர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று காட்டியவர் ஜப்பானின் கோக்கி ஹொரிகோஷி. பேசில்லஸ் அல்கலோஃபிலஸ் என்ற களர் விரும்பியை 1934-லேயே வெடர் என்ற ஆய்வாளர் விவரித்திருந்தார். இருந்தும் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹொரிகோஷி 1968-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் மறுமலர்ச்சிக் காலக் கட்டடங்களைப் பார்த்து நின்றபோது, தன் நாட்டவர் அந்தக் காலத்தில் கற்பனையே செய்திருக்க முடியாத ஒரு பண்பாடு இங்கே இருந்திருக்கிறதே என்று தோன்றியதாம். நுண்ணுயிரியலார் எட்டிப் பார்க்காத உலகமும் அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணம் கூடவே வந்தது. ஊர் திரும்பியதும் வளர் ஊடகத்தில் ஒரு சதவீதம் சோடியம் கார்பனேட்டைக் கலந்து காரமாக்கினார். ஆய்வு நிலையத்தைச் சுற்றி அள்ளிய மண்ணைச் சிறு சிறு குழாய்களில் போட்டு 37 பாகையில் ஓர் இரவு வைத்தார். காலையில் எல்லாக் குழாயிலும் உயிர் தழைத்திருந்தது. சாதாரணத் தோட்டத்து மண் அது. அதுவரை எல்லோரும் நடுநிலை ஊடகத்தில் மட்டுமே வளர்த்துப் பார்த்ததால் கண்ணில் படாமலே இருந்தன. சலவைத்தூளில் கறை நீக்கும் காரப் புரோட்டியேஸ், செல்லுலேஸ் நொதிகள் பின்னாளில் இந்தக் கூட்டத்திலிருந்தே வந்தன.

கிடைத்தவை ஏராளம், பெயர் வைப்பதுதான் தாமதமாயிற்று. 1995-ல் ஒரே கட்டுரையில் களர் விரும்பும் பேசில்லஸ் சிற்றினங்கள் ஒன்பதுக்குப் பெயர் சூட்டினார்கள். அவற்றில் ஒன்று ஹொரிகோஷியின் பெயரால் பேசில்லஸ் ஹொரிகோஷி. இன்னொன்று ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் டீட்டர் கிளாஸ் பெயரால் வந்த நம் குப்பிக்காரன், கிளாசி.

பெயர் மாறும்போது என்ன ஆகிறது என்று பார்க்க எகிப்தின் வாடி நாட்ரூனுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். கெய்ரோவுக்கு வடமேற்கே, பாலைவனத் தாழ்வில் கிடக்கும் சோடா ஏரிகளின் தொடர் அது. நாட்ரோன் என்ற சொல்லையே தன் பெயரில் வைத்திருக்கும் இடம். பான் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் ட்ரூப்பரும் யோஹன்னஸ் இம்ஹாஃபும் அங்கிருந்து 1977-ல் ஒரு பச்சைநிற ஒளிச்சேர்க்கை பாக்டீரியத்துக்கு எக்டோதையோரோடோஸ்பைரா ஹாலோகுளோரிஸ் என்று பெயரிட்டார்கள். அது உவரைத் தாங்க ஒரு மூலக்கூற்றைச் செய்துகொள்கிறது என்று 1985-ல் தெரியவந்தது. பாக்டீரியத்தின் பெயரிலிருந்தே முதல் எழுத்துகளை எடுத்து அதற்கு எக்டோயின் என்று பெயர் வைத்தார்கள். 1996-ல் உறவுகளைத் திருத்திக் கணக்கிட்டபோது அந்தப் பாக்டீரியம் ஹாலோரோடோஸ்பைரா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டது. மூலக்கூறு மட்டும் பழைய பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இன்று கண் சொட்டு மருந்து, மூக்கு ஸ்ப்ரே, முகக் களிம்பு உறைகளில் எக்டோயின் என்று படிப்பவர்கள், வழக்கொழிந்த ஒரு பிறப்புச் சான்றிதழைப் படிக்கிறார்கள்.

ட்ரூப்பரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நுண்ணுயிரிகளுக்கு வைக்கும் லத்தீன் பெயர்களில் இலக்கணப் பிழை வராமல் காத்தவர்களில் முதன்மையானவர் அவர். பெயர் சூட்டுவது எப்படி என்று 1999-ல் அவர் எழுதிய வழிகாட்டியை இன்றும் ஆய்வு மாணவர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.

கென்யாவின் மகாடி ஏரி இன்னொரு பாடம். பெரும்பகுதி வெள்ளைச் சோடா ஓடாக உறைந்து, இடையில் செந்நிற நீர் தேங்கும் ஏரி. அங்கிருந்து கிடைத்த உயிர்களுக்காக 1984-ல் நாட்ரோனோபாக்டீரியம், நாட்ரோனோகாக்கஸ் என்ற இரண்டு பேரினங்களை உருவாக்கினார்கள். களர்-உவரில் வாழ்கிறதா, கோலாக இருந்தால் முன்னது, உருண்டையாக இருந்தால் பின்னது. பார்க்கக் கச்சிதமான ஏற்பாடு. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1997-ல் ரைபோசோம் மரபணுவை வரிசைப்படுத்தியபோது வீடு உடைந்தது. மகாடியின் பெயர் கொண்டது நாட்ரியால்பாவுக்குப் போயிற்று. வாடி நாட்ரூனில் பிறந்து ஃபாரோக்களின் பெயரைப் பெற்றது நாட்ரோனோமோனாஸ் ஆயிற்று. இன்னொன்று ஹாலோருப்ரத்தில் சேர்ந்தது. சோடா ஏரியில் வாழ்வது ஒரு குலத்தின் அடையாளம் அல்ல, பல குலங்கள் குடியேறிய ஊர் என்பது அன்றைக்கு ஐயமின்றித் தெரிந்தது.

மகாடிக் கதையில் வந்த இந்த உயிர்களில் எதுவுமே பாக்டீரியம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கார்ல் வோஸ் 1977-ல் பிரித்துக் காட்டிய ஆர்க்கியா என்ற தனிக்கிளையைச் சேர்ந்தவை அவை. ஹாலோபாக்டீரியம், நாட்ரோனோபாக்டீரியம் என்ற பெயர்கள் அப்படியே நீடிக்கின்றன. பொருள் பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரைத் தூக்கி எறிய விதி அனுமதிப்பதில்லை. பெயரின் வேலை சுட்டிக்காட்டுவது, வருணிப்பது அல்ல என்பது அந்த விதியின் நிலைப்பாடு. கடினமாகத் தோன்றினாலும் இது சரியான நிலைப்பாடு. அறிவு வளரும்போதெல்லாம் பெயரை மொழிபெயர்க்கத் தொடங்கினால், பத்தாண்டுக்கு முந்தைய ஒரு கட்டுரையையும் யாரும் படித்துப் புரிந்துகொள்ள முடியாது.

விதி என்பது, பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் அடங்கிய புரோகாரியோட்டுகளுக்கான பன்னாட்டுப் பெயரிடல் நெறிமுறை. 1980 ஜனவரி 1-ஆம் தேதி அதன் புதுக்கணக்குத் தொடக்கம். அதுவரை குவிந்துகிடந்த பெயர்க்குப்பையைச் சலித்து, சுமார் 2,300 பெயர்களை மட்டும் ஏற்று, மற்றவற்றுக்கு உரிமை இல்லை என்று அறிவித்தார்கள். அதன் பிறகு புதுப்பெயர் வேண்டுமென்றால், லத்தீன் இலக்கணத்துக்கு உட்பட்டு அமைய வேண்டும். இதற்கென்று உள்ள பன்னாட்டு இதழில் வெளியாக வேண்டும், அல்லது வேறு இதழில் வெளியானால் அந்த இதழின் சரிபார்ப்புப் பட்டியலில் இடம்பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பெயருக்குச் சொந்தமான மாதிரி ஸ்ட்ரெயினை உயிரோடு இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும், யார் கேட்டாலும் கொடுக்கும்படியாக.

இந்தக் கடைசி நிபந்தனை இந்திய ஆய்வாளர்களுக்கு எளிதல்ல. நாட்டின் உயிர்வளம் வெளியே போவதை 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. அதைச் செயல்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையில் இருக்கிறது. வேம்பும் மஞ்சளும் காப்புரிமைச் சண்டைக்குள் இழுக்கப்பட்ட நாட்டுக்கு அப்படி ஒரு சட்டம் தேவைதான். அதே சமயம், எல்லோருக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்ற பெயரிடல் விதியும் நியாயமானதே. லோனார் சேற்றில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் இரண்டு நியாயங்களுக்கும் நடுவே விண்ணப்பப் படிவங்களோடு நிற்க வேண்டியிருக்கிறது.

அப்படி நின்றும் லோனாரிலிருந்து பல பெயர்கள் வந்திருக்கின்றன. 2010-ல் இண்டிபாக்டர் அல்கலிஃபிலஸ்: இந்தியாவின் பெயரைத் தாங்கிய பேரினம். 2012-ல் செசெம்பியா லோனாரென்சிஸ்: ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தை ‘சிசிஎம்பி’ என்று சுருக்கி அழைப்பார்கள் அல்லவா, அந்த எழுத்துகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் செசெம்பியா வரும். பின்பாதியில் ஊர்ப்பெயர். ஓர் ஆய்வுக்கூடமும் ஓர் ஏரியும் இரண்டு சொல்லில் அடங்கிவிட்டன.

2020 ஜூனில் லோனார் இளஞ்சிவப்பாக மாறிச் செய்திகளில் வந்ததைப் பலர் நினைவில் வைத்திருக்கலாம். கோடையில் நீர் வற்றி உப்பு அடர்ந்ததும் செந்நிற நிறமி கொண்ட ஆர்க்கியா பெருகியதே காரணம் என்று புணேயின் அகர்கர் ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. எடுத்து வந்த நீரை அசையாமல் வைத்தபோது நிறம் முழுவதும் அடியில் படிந்து, மேல்நீர் தெளிந்தது. நிறம் நீருடையது அல்ல, உயிருடையது என்பதற்கு அந்தத் தெளிந்த நீரே சாட்சி.

குப்பி மருந்தின் பெயர் மாறிய கதை அதே ஆண்டில் வேறொரு கண்டத்தில் தொடங்கியது. ஃபெர்டினாண்ட் கோன் 1872-ல் உருவாக்கிய பேசில்லஸ் பேரினம், கோல் வடிவும் ஸ்போரும் இருந்தால் போதும் என்று வருவோரையெல்லாம் சேர்த்துக்கொண்ட சத்திரமாக இருந்தது. முந்நூறை நெருங்கும் சிற்றினங்கள் சேர்ந்துவிட்டன. பலவற்றுக்கு ஒன்றோடொன்று உறவே இல்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராதே குப்தாவின் குழு முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, சில புரதங்களில் ஒரு கூட்டத்துக்கு மட்டுமே உரிய சேர்ப்புகளையும் விடுபடல்களையும் அடையாளமாகக் கொண்டு, 2020-ல் பேசில்லஸிலிருந்து ஆறு புதிய பேரினங்களைப் பிரித்தது. களர் விரும்பிகளில் பலவற்றை அல்கலிஹாலோபேசில்லஸ் என்ற ஒரே கூரைக்குக் கீழே அனுப்பியது. கிளாசியும் அங்கே போயிற்று.

அந்தக் கூரை ஓராண்டுதான் நின்றது. புணே ஆய்வாளர்கள் லோனாரின் அடிச்சேற்றிலிருந்து, ஆன்டிபயாட்டிக் சுரக்கும் நீளமான கோல் பாக்டீரியம் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதை அல்கலிஹாலோபேசில்லஸில் எங்கே உட்கார வைப்பது என்று மரபணுத் தொகுதியை ஒப்பிடப் போனபோது, அந்தப் பேரினமே ஒரு குடும்பம் அல்ல, பல வெவ்வேறு கிளைகள் என்று தெரிந்தது. புதியவன் அல்கலிஹாலோபாக்டீரியம் இலோங்கேட்டம் ஆனான்; பழையவர்களில் பலரும் சேர்ந்து ஏழு புதிய பேரினங்களாகப் பிரிந்தார்கள். விருந்தாளிக்கு இடம் தேடப் போய்ப் பாகப்பிரிவினையில் முடிந்த கதை.

ஏழில் ஐந்தின் பெயர்களைச் சேர்த்துப் படித்துப் பார்க்கலாம்: அல்கலிஹாலோபாக்டீரியம், அல்கலிஹாலோஃபிலஸ், ஹாலல்கலிபாக்டர், ஹாலல்கலிபாக்டீரியம், சூடல்கலிபேசில்லஸ். இவற்றோடு பழைய அல்கலிஹாலோபேசில்லஸும் இருக்கிறது. களர், உவர் என்ற இரண்டு வேர்களையே முன்னும் பின்னுமாக மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். இதைக் குறை என்றே சொல்ல வேண்டும். விதியில் பிழை இல்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் குழாய்மேல் அவசரத்தில் பெயர் எழுதும் கைக்கு இது பொறி. வாழிடத்தையே பெயராக வைத்தால், ஒரே வாழிடத்தில் ஏழு குலங்கள் இருக்கும்போது சொற்கள் தீர்ந்துபோகத்தான் செய்யும். கிளாசியின் கிளைக்கு மட்டும் இந்த நெரிசலிலிருந்து விடுதலை கிடைத்தது: புணேயில் தேசிய நுண்ணுயிர் வள மையத்தை வளர்த்தெடுத்த யோகேஷ் ஷௌச்சேயின் பெயரால் அது ஷௌச்செல்லா. ஒரு ஜெர்மானியரும் ஓர் இந்தியரும் ஒரே பாக்டீரியத்தில் முன்பெயரும் பின்பெயருமாக இருக்கிறார்கள்.

அப்படியானால் மருந்து உறையில் இருப்பது தவறா? இல்லை. பெயரிடல் நெறிமுறை பெயர்களை ஆள்கிறது, வகைப்பாட்டை ஆள்வதில்லை. முறைப்படி வெளியான ஒரு பெயர், பின்னால் புதுப்பெயர் வந்தாலும் செல்லாததாகிவிடாது. எந்த வகைப்பாட்டை ஏற்கிறோமோ அதற்குரிய பெயரைப் பயன்படுத்தலாம். ஸ்பைருலினா மாத்திரையும் இப்படித்தான். சோடா ஏரிகளில் செழிக்கும் அந்த நீலப்பச்சைப் பாக்டீரியத்தை வகைப்பாட்டியலார் நெடுங்காலமாக ஆர்த்ரோஸ்பைரா என்கிறார்கள், 2019 முதல் லிம்னோஸ்பைரா என்றும் சொல்கிறார்கள். கடையில் அது ஸ்பைருலினாதான்.

மாத்திரையில் இது பெரிய விஷயம் அல்ல. மருத்துவமனையில் அப்படியல்ல. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும், இந்தக் குப்பி மருந்தைக் கொடுத்த பிறகு அதே பாக்டீரியம் இரத்தத்தில் வளர்ந்த நிகழ்வுகள் அரிதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அந்த மருந்தில் இருக்கும் ஸ்ட்ரெயின்கள் பல ஆன்டிபயாட்டிக்குகளைத் தாங்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்பதற்காகச் செய்தது அது. அப்படி ஒரு நோயாளியின் இரத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முடிவுத்தாளில் ஷௌச்செல்லா கிளாசி என்று வருகிறது. வார்டில் இருக்கும் இளம் மருத்துவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. படுக்கைக்குப் பக்கத்தில், திருகிய கழுத்தோடு கிடக்கும் காலிக் குப்பியில் பேசில்லஸ் கிளாசி என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்கு அந்த நிமிடமே தெரிய வேண்டும். அதனால்தான் கவனமுள்ள ஆய்வகங்கள் புதுப்பெயருக்குக் கீழே ‘முன்பு பேசில்லஸ் கிளாசி’ என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுகின்றன.